பெட்டிக்கு ஓர் அட்டை, சரக்குக்கு ஒரு சீட்டு: குட்டிக் கோச்சியின் பெரிய கணக்கு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்ரீயை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டல்லவா" என்று யாரும் நகர்ந்துவிட வேண்டாம். இதற்குள் ஒரு தொழிலின் வரலாறும், ஒரு மாபெரும் கம்பனி விழுந்த கதையும் இருக்கின்றன.

ஒரு பிள்ளைக்கு விளையாட்டுக் கோச்சி வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். வட்டத் தண்டவாளத்தில் முதல் நாள் முழுக்கச் சுற்றும். இரண்டாம் நாள் அரை மணித்தியாலம் சுற்றும். மூன்றாம் நாள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அமெரிக்காவில் வளர்ந்த மனிதர்களுக்கே இந்தப் பிரச்சினை வந்தது. அங்கே மாதிரிப் புகையிரதம் கட்டுவது பெரியவர்களின் பொழுதுபோக்கு. 1934 ஜனவரியில் மில்வாக்கி நகரில் ஆல் கால்ம்பாக் என்பவர் 'மொடல் ரெயில்ரோடர்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அடுத்த வருடமே நாடளாவிய சங்கமும் உருவாயிற்று. பின்னர் மிகப் பரவலான அளவு எச்.ஓ. எனப்படுவது, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. 40 அடிச் சரக்குப் பெட்டி அந்தக் கணக்கில் ஐந்தரை அங்குலம். வீட்டின் நிலவறை முழுக்க மலை, பாலம், ஊர், தொழிற்சாலை என்று வருடக்கணக்காகக் கட்டுவார்கள். கட்டி முடித்ததும்தான் கேள்வி எழும்: இனி என்ன செய்வது? எத்தனை தடவைதான் சுற்றவிட்டுப் பார்ப்பது?

நியூ ஓர்லியன்ஸில் 'டெல்டா லைன்ஸ்' என்ற மாதிரிப் பாதையைக் கட்டியிருந்த பிராங்க் எலிசன் இதற்கு ஒரு வழி சொன்னார். 1944இல் அந்தச் சஞ்சிகையில் அவர் எழுதிய தொடரில் மாதிரிப் பாதையை ஒரு நாடக மேடையோடு ஒப்பிட்டார். காட்சியமைப்பு மேடை, கோச்சிகள் நடிகர்கள், நேர அட்டவணை கதை. கோச்சி ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். பயணிகள் கோச்சிக்குக் காரணம் சொல்வது எளிது, நேர அட்டவணை இருந்தால் போதும். சரக்குக் கோச்சிக்கு அது போதாது. இருபது பெட்டிகள் வருகின்றன என்றால் எந்தப் பெட்டி எந்த ஊரில் எந்தத் தொழிற்சாலையின் வாசலில் நிற்க வேண்டும்? யார் தீர்மானிப்பது?

சிலர் தாயக்கட்டை உருட்டினார்கள். சிலர் பெட்டியின் கூரையில் நிற வில்லைகளை ஒட்டி, நிறத்துக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டார்கள். சிலர் மனதில் தோன்றியபடி ஒரு பட்டியல் எழுதினார்கள். எல்லாவற்றிலும் ஒரு குறை இருந்தது. தாயக்கட்டை நிலக்கரிப் பெட்டியைப் பாற்பண்ணைக்கு அனுப்பிவிடும்!

நல்ல விடை நிஜப் புகையிரதத்திலேயே இருந்தது. ஆகவே முதலில் அதைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் பக்கத்திலும் சொந்தக்காரக் கம்பனியின் சுருக்க எழுத்துகளும் ஓர் இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். அங்கே நூற்றுக்கணக்கான கம்பனிகள் இருந்தன. ஒரு கம்பனியின் பெட்டி மற்றக் கம்பனியின் தண்டவாளத்தில் தாராளமாக ஓடும். மினியாபொலிஸில் மாவு ஏற்றிய பெட்டி மூன்று நான்கு கம்பனிகளின் கைமாறி நியூயோர்க் போய்ச் சேரும். பெட்டி வாய் பேசாது. அதற்காகப் பேசியது 'வேபில்' என்ற ஒரு தாள்.

ஒரு மாவு ஆலைக்காரர் தனக்கு ஒரு வெற்றுப் பெட்டி வேண்டும் என்று நிலைய அதிகாரியிடம் கேட்பார். பெட்டி வந்து வாசலில் நிற்கும். ஏற்றி முடித்ததும் நிலையத்தில் வேபில் எழுதப்படும்: பெட்டியின் இலக்கம், அனுப்புபவர், பெறுபவர், சரக்கு, நிறை, எந்தக் கம்பனிகளின் வழியாகப் போக வேண்டும், கட்டணம் எவ்வளவு. அந்தத் தாள் கோச்சியின் கண்டக்டர் கையில் பெட்டியோடு கூடவே போகும். (நமது நாட்டில் கார்ட் என்பவரின் இடத்தில் அங்கே கண்டக்டர்.) யார்டுக்கு வந்ததும் லிகிதர் ஒருவர் மழையோ பனியோ தண்டவாளத்தோரம் நடந்து பெட்டி இலக்கங்களைக் குறிப்பார். தாள்களோடு ஒப்பிட்டு, எந்தப் பெட்டி எந்தப் பாதைக்கு என்று பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எஞ்சின் பெட்டிகளைப் பிரிக்கும்.

தாளில் சரக்கைப் பொறுத்து விசேட கட்டளைகளும் இருக்கும். கலிபோர்னியா மரக்கறி ஏற்றிய குளிர்ப் பெட்டியென்றால் வழியில் எங்கெங்கே ஐஸ் நிரப்ப வேண்டும் என்று இருக்கும். ஆடு மாடு ஏற்றிய பெட்டியென்றால் 28 மணித்தியாலச் சட்டம் உண்டு. 1873இல் வந்து 1906இல் மீண்டும் எழுதப்பட்ட சட்டம் அது. அதற்கு மேல் பிராணிகளைத் தொடர்ந்து பெட்டிக்குள் அடைத்து வைக்க முடியாது. இறக்கி, தண்ணீரும் தீனியும் கொடுத்து, ஓய்வு கொடுத்தே மீண்டும் ஏற்ற வேண்டும். சொந்தக்காரர் எழுத்தில் கேட்டால் மட்டும் 36 மணித்தியாலம் வரை நீட்டலாம். ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் லொறிகளில் மாடுகள் வரும் விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எமக்கு இந்தச் சட்டம் நினைவுக்கு வருவதுண்டு. இது பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

பெட்டி வந்து சேர்ந்தால் இறக்குவதற்கு 48 மணித்தியாலம் இலவசம். பிந்தினால் டெமரேஜ் கட்டணம். கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் எடுத்த நமது வியாபாரிகளுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை, கேட்டாலே வயிறு எரியும்.

இறக்கிய பின் வெற்றுப் பெட்டி என்னாவது? எமது பார்வையில் முழுக் கதையிலும் சுவையான இடம் இதுதான். அது வேறு கம்பனியின் பெட்டி. வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சொந்தக்காரருக்கு வாடகை கொடுக்க வேண்டும். 1902இல் இந்த நாள் வாடகை முறை வந்தபோது ஒரு பெட்டிக்கு 20 சதம். சும்மா வைத்திருந்தால் நட்டம், வெறுமையாகத் திருப்பி அனுப்பினாலும் எஞ்சினுக்கும் ஆளுக்கும் செலவு. ஆகவே கம்பனிகள் தமக்குள் ஒரு விதி வகுத்தன: வெற்றுப் பெட்டிக்குச் சரக்கு கிடைத்தால் அதன் சொந்தத் திசை நோக்கிப் போகும் சரக்கையே ஏற்ற வேண்டும். சந்தைக்கு மரக்கறி கொண்டுபோன லொறிக்காரர் திரும்பும்போது வெறுமையாக வராமல் ஏதாவது சுமை தேடுவாரே, அதே கணக்குத்தான். அறுவடைக் காலத்தில் பெட்டி கிடைக்காமல் தானியம் வெளியே குவிந்து கிடந்த வருடங்களில் இந்த விதியை யாரும் மதிக்கவில்லை என்பதும் உண்மை. கையில் கிடைத்த பெட்டியை விட யாருக்கு மனம் வரும்?

இந்தத் தாள் மலையை எண்ணுவதுதான் கணினி யுகத்தின் தொடக்கங்களில் ஒன்று. ஹேர்மன் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளால் 1890 அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டை எண்ணியவர். அந்த யோசனைக்கு ஒரு தூண்டுதல் கோச்சியில் கண்டது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அக்காலக் கண்டக்டர்கள் பயணியின் முடி நிறம், கண் நிறம் போன்ற அடையாளங்களை டிக்கெட்டில் துளையிட்டுக் குறிப்பார்களாம், ஒருவர் டிக்கெட்டில் மற்றவர் பயணம் செய்யாதிருக்க. குடிசன மதிப்பீடு பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், இடையில் வியாபாரம் வேண்டுமே. அவர் போய் நின்ற இடம் நியூயோர்க் சென்ட்ரல் புகையிரதக் கம்பனி. வருடத்துக்கு ஏறத்தாழ 40 இலட்சம் வேபில்கள் அங்கே கையால் கணக்குப் பார்க்கப்பட்டு வந்தன. 1890களின் நடுப்பகுதியில் அவரது இயந்திரங்கள் அந்த வேலைக்குள் நுழைந்தன. 1896இல் அவர் ஆரம்பித்த கம்பனி வேறு கம்பனிகளோடு 1911இல் இணைந்தது. 1924இல் அதற்குக் கிடைத்த பெயர் ஐ.பி.எம். நியூயோர்க் சென்ட்ரல் என்ற பெயரை மறக்க வேண்டாம், பின்னால் மீண்டும் வரும்.

இனி நிலவறைக்குத் திரும்புவோம். 1961இல் டக் ஸ்மித் என்பவர் 'மொடல் ரெயில்ரோடர்' சஞ்சிகையில் ஓர் அட்டை முறையை எழுதினார். இன்று உலகம் முழுக்க மாதிரிப் புகையிரதக்காரர்கள் பாவிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அதன் அழகு எளிமையில் இருக்கிறது. ஒவ்வொரு குட்டிப் பெட்டிக்கும் ஓர் அட்டை. அதில் பெட்டியின் எழுத்துகள், இலக்கம், வகை, நிறம். அட்டையின் கீழ்ப்பகுதியை மடித்து ஒட்டினால் ஒரு சட்டைப்பை போல ஆகிவிடும். அந்தப் பைக்குள் ஒரு சிறு சீட்டு. அதுதான் வேபில். பெட்டி எங்கே போக வேண்டும், யாருக்கு, என்ன சரக்கு என்று சீட்டு சொல்லும். சீட்டை எடுத்துவிட்டால் அட்டையில் மறைந்திருந்த ஒரு வரி தெரியும்: "வெறுமையானால் இன்ன இடத்துக்குத் திருப்பவும்". மேலே சொன்ன வெற்றுப் பெட்டிச் சட்டம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது! அட்டை பெட்டியை விட்டுப் பிரிவதில்லை. சீட்டு மாறிக்கொண்டே இருக்கும். பெட்டி நிரந்தரம், சரக்கு தற்காலிகம் என்ற வேறுபாட்டை இரண்டு துண்டுக் காகிதத்தால் காட்டிவிட்டார்கள்.

பின்னர் வந்தவர்கள் சீட்டை நான்கு தடவை பாவிக்கும் விதமாக ஆக்கினார்கள். முன்பக்கத்தில் இரண்டு முகவரி, ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும். பின்பக்கத்திலும் அப்படியே இரண்டு. பைக்குள் சொருகினால் மேல்பாதி மட்டும்தான் தெரியும். முதல் முகம்: வெறுமையாக மாவு ஆலைக்கு. வேலை முடிந்ததும் சீட்டைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டாம் முகம்: மாவு ஏற்றிக் கிழக்கே போ. புரட்டினால் மூன்றாவது: தகரத்தில் அடைத்த உணவோடு மொத்த வியாபாரக் களஞ்சியத்துக்கு வா. நான்காவது: வெறுமையாக யார்டுக்கு. பிறகு மீண்டும் முதலாவது.

ஊருக்கு ஊர் சுவரோரம் சிறு மரப்பெட்டிகள் இருக்கும். அதில் மூன்று அறை: இப்போது எடுத்துச் செல்ல வேண்டியவை, இறக்கிக்கொண்டிருப்பவை, புதிதாக வந்தவை. நண்பர்கள் வாரத்தில் ஓர் இரவு கூடுவார்கள். ஒரு கோச்சிக்கு இருவர். ஒருவர் எஞ்சினை ஓட்ட, மற்றவர் கண்டக்டராக அட்டைக் கட்டோடு கூடவே நடப்பார். ஊருக்கு வந்ததும் கட்டைப் புரட்டி, "இந்த ஊரில் இரண்டு வைக்க வேண்டும், மூன்று எடுக்க வேண்டும்" என்பார். அதன் பிறகுதான் மூளைக்கு வேலை. எஞ்சின் முன்னால் நிற்கிறது. ஆலைக்குப் பிரியும் பாதையோ எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து, பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஏற்கெனவே வாசலில் நிற்கும் பெட்டி இன்னும் இறக்கி முடியவில்லையென்றால் அதை எடுத்து வைத்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும். நடுவில் பிரதான பாதையில் பயணிகள் கோச்சி வரும், அதற்கும் ஒதுங்க வேண்டும். அன்றிரவு முடிந்ததும் வீட்டுக்காரர் சீட்டுகளைத் திருப்பி வைப்பார். அடுத்த கூட்டத்துக்கு வேறு வேலை தயாராகிவிடும். யாரும் உட்கார்ந்து திட்டம் போடத் தேவையில்லை.

புரூஸ் சப் 1977இல் எழுதிய நூல் இந்த முறையைப் பரவலாகக் கொண்டு சேர்த்தது. அலன் மெக்லெலண்ட் என்பவர் இதோடு இன்னொரு கருத்தைச் சேர்த்தார். நிலவறைச் சுவரோடு உலகம் முடிந்துவிடாது என்பது அது. சுவருக்குப் பின்னால் மறைவாகச் சில தண்டவாளங்களைப் போடுவது. அதுதான் "உலகின் மிகுதி". கிழக்கே போன மாவுப் பெட்டி அங்கே போய் மறையும், சில நாள் கழித்து வேறு சரக்கோடு வரும். அறை சிறிதானாலும் பாதை ஒரு நாட்டின் பகுதியாகிவிடும்.

குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான்கு முகச் சீட்டு ஒரே வட்டத்தில் சுற்றும், நிஜத்தில் எந்தப் பெட்டியும் அப்படிச் சுற்றுவதில்லை என்பது அவர்கள் வாதம். நியாயமானதுதான். அதனால் சிலர் அந்தக் காலத்து வேபிலைப் போலவே அச்சிட்டு, விளையாட்டு வீரர் படங்களைச் சேர்ப்போர் பாவிக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார்கள். இப்போது கணினியும் வந்துவிட்டது. ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருள் வேலைப் பட்டியலைத் தானே தயாரித்து அச்சிட்டுத் தரும். அந்த மென்பொருளைத் தொடங்கிய பொப் ஜேக்கப்சன் தொடுத்த வழக்கில் 2008இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கிய தீர்ப்புச் சொன்னது: இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளுக்கும் அதன் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நிலைநாட்டலாம் என்று. குட்டிக் கோச்சி விளையாட்டிலிருந்து பிறந்த தீர்ப்பை இன்று உலகத்தின் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் எமக்கு அட்டைதான் பிடித்திருக்கிறது. அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு பெட்டியும் ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியும். அச்சிட்ட பட்டியலை வாங்குபவர் சொன்னதை மட்டும் செய்வார்.

தாள் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு நியூயோர்க் சென்ட்ரலின் முடிவே சாட்சி. 1968 பெப்ரவரி 1ஆம் திகதி அந்தக் கம்பனி தனது பரம எதிரியான பென்சில்வேனியா புகையிரதத்தோடு இணைந்து 'பென் சென்ட்ரல்' ஆனது. இரு பக்கத்துக் கணினிகளும் ஒன்றோடொன்று பேசவில்லை. யார்டுகள் மாற்றப்பட்டன, பழகிய லிகிதர்கள் பலர் விலகிப் போயிருந்தார்கள். பெட்டி ஒரு பக்கமும் வேபில் மறுபக்கமும் போயின. தாளில்லாத பெட்டியை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் யார்டுகள் அடைத்துக்கொண்டன. சரக்குக்காரர்கள் வெறுத்துப்போய் லொறிக்கு மாறினார்கள். கம்பனி விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு: பயணிகள் சேவையின் நட்டம், பழைய கடன், நெடுஞ்சாலைகளின் போட்டி, தலைவர்களுக்குள் சண்டை. ஆனால் தொலைந்த தாள்கள் பெருங்காயத்தில் உப்பு வைத்தன. 1970 ஜூன் 21ஆம் திகதி வங்குரோத்து. அதுவரை அமெரிக்கா கண்ட மிகப்பெரிய கம்பனி வங்குரோத்து அதுதான். வேபிலை எண்ண முதன்முதலாக ஹொலரித்தின் இயந்திரத்தை நாடிய கம்பனி, தனது வேபிலைத் தேடியபடியே முடிந்துபோனது.

அதே காலத்தில் லிகிதரின் நடையை நிறுத்த இன்னொரு முயற்சியும் நடந்தது. 1967 முதல் பெட்டிகளின் பக்கத்தில் நிறக்கோடுகள் கொண்ட பலகைகளைப் பொருத்தி, ஓடும்போதே இயந்திரம் வாசிக்கும்படி செய்தார்கள். இன்று கடையில் 'பீப்' என்று வாசிக்கப்படும் கோடுகளுக்கு அது ஒரு மூத்த உறவு. அழுக்குப் படிந்து வாசிக்க முடியாமல் 1977இல் கைவிட்டார்கள். 1990களில் வானொலி அலையால் வாசிக்கும் சில்லுகள் வந்த பிறகுதான் அந்த வேலை உண்மையில் முடிந்தது. இன்று அங்கே தாள் வேபிலும் இல்லை, யார்டில் நடக்கும் லிகிதரும் இல்லை.

அந்த வேலையின் ஒழுங்கு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால், நூதனசாலைகளில் எஞ்சின்கள் நிற்கின்றன, லிகிதரின் வேலை இல்லை. அது நிலவறைகளில் இருக்கிறது. எந்த ஆலை எந்தச் சரக்கை எங்கே அனுப்பியது என்று பழைய ஆவணங்களைத் தேடித் தொகுப்பவர்களும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்தான். அவர்களுக்குச் சீட்டில் எழுத ஒரு முகவரி வேண்டும், அதற்காகத் தேடுகிறார்கள். பொருளாதார வரலாறு எழுதுபவர்களுக்கு அது ஒரு புதையல்.

நமது நாட்டுக் கோச்சியும் சரக்குக்காகப் பிறந்ததுதான். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரையும் 1867இல் கண்டி வரையும் பாதை போட்டது கோப்பியை இறக்குவதற்கு. எரிபொருளும், திருகோணமலையிலிருந்து கோதுமை மாவும், அருவாக்காட்டிலிருந்து புத்தளம் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக் கல்லும் தண்டவாளத்தில் போனதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். ஒற்றைத் தண்டவாளத்தில் கைமாற்றும் அந்த வளையத்தையும் அதிலுள்ள வட்டத் தகட்டையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு வகையில் அட்டைதான். கையில் இருந்தால்தான் போகலாம்.

சென்ற தவணையில் தரம் 8 பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். தண்டவாளமும் இல்லை, எஞ்சினும் இல்லை. நெருப்புப் பெட்டிகள் பன்னிரண்டு, மேசைகள் ஐந்து. ஒவ்வொரு மேசையும் ஓர் ஊர். பழைய அப்பியாசக் கொப்பி மட்டைகளை வெட்டி அட்டை செய்தோம். நுவரெலியா மரக்கறி, புத்தளம் உப்பு, பொலன்னறுவை நெல், கொழும்பிலிருந்து மா. மூன்றாம் சுற்றில் கொழும்பு மேசையில் வெற்றுப் பெட்டிகள் எட்டும் குவிந்துவிட்டன. பொலன்னறுவையில் நெல் காத்திருக்கிறது, பெட்டி இல்லை! "சேர், வெறும் பெட்டிய அனுப்பினா எங்களுக்கு என்ன லாபம்?" என்று கொழும்பு மேசை கேட்க, "அப்ப நீங்க எத சாப்பிடுவீங்க?" என்று பொலன்னறுவை மேசை திருப்பிக் கேட்டது. மணி அடித்தும் விவாதம் முடியவில்லை. அடுத்த பாடவேளை ஆசிரியர் வாசலில் வந்து நின்றார்.

ஒரு வேண்டுகோள். எமது ஊரிலோ அயல் ஊர்களிலோ புகையிரதத் திணைக்களத்தில் சரக்குப் பகுதியில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவர்கள் எழுதிய தாள்கள் எப்படி இருந்தன, பெட்டி தவறிப்போனால் என்ன செய்தார்கள், வெற்றுப் பெட்டியை யார் எங்கே அனுப்பினார்கள் என்று கேட்டுப் பதிந்து வைக்க விரும்புகிறோம். பழைய படிவம் ஒன்று யாருடைய றங்குப் பெட்டிக்குள்ளாவது கிடந்தால் படம் எடுத்து உட்பெட்டிக்கு அனுப்புங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து நேரில் கேட்டு எழுதவும் நாம் தயார்.